வெள்ளச்சி நாக்கைச் சுருட்டிக்கொண்ட நாள்

மரம் பேசினால் புழுவுக்கும், புழு பேசினால் குருவிக்கும் புரிந்த ஒரு காலம் இருந்தது. அப்போது பட்டாம்பூச்சிகளுக்கு நிறம் கிடையாது. மேற்கு மலையிலும் சரி, அதன் அடிவாரத்துப் புதர்க்காட்டிலும் சரி, எல்லாப் பட்டாம்பூச்சியும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெங்காயத்தின் மேல்தோலை உரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள், அதுதான் அவற்றின் இறக்கை. தூரத்தில் ஒன்று பறந்து வந்தால் அது யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாது. குரலைக் கேட்டுத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனாலேயே அவை ஓயாமல் பேசின. காலையில் பூவில் பேச்சு, மத்தியானம் ஓடைக்கரை ஈர மண்ணில் பேச்சு. பெரும்பாலும் தங்கள் பெருமையைத்தான் பேசும். தாங்கள் பூவிலிருந்து வந்தவர்கள் என்று அவை உறுதியாக நம்பின. எந்தப் பட்டாம்பூச்சியைக் கேட்டாலும் அதன் முதல் ஞாபகம் ஒரு பூவாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒன்றுக்கும் நினைவில்லை. "மண்ணில விழாம காத்துல ஏறின பூ நாங்க" என்று சொல்லிக்கொள்ளும்.

பெண் பட்டாம்பூச்சிகளுக்கு அவ்வப்போது வயிறு கனக்கும். குடித்த தேன் உள்ளே உறைந்து மணியாகிவிட்டது என்று நினைத்து, கண்ணில் பட்ட இலையில் அந்த மணிகளை இறக்கிவிட்டுப் பறந்துபோகும். திரும்பிப் பார்க்காது. பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

அந்தக் கூட்டத்தில் வெள்ளச்சி என்று ஒருத்தி இருந்தாள். மற்றவர்களைவிட இறக்கை கொஞ்சம் வெளுப்பு. வாய் மிகவும் கெட்டி. இந்தப் பூ யாருக்கு என்று தேனீக்கும் தும்பிக்கும் தகராறு வந்தால் அவளிடம்தான் வருவார்கள். அவள் சொன்னால் அது முடிவு. கெட்டவள் இல்லை. யாராவது அழுதால் பொறுக்க மாட்டாள், உடனே ஏதாவது வழி சொல்லிவிடுவாள். அவளுடைய தோழி சிட்டாள் மட்டும் சில சமயம், "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லேன் வெள்ளச்சி" என்பாள். வெள்ளச்சி சிரித்துவிடுவாள்.

ஓடையின் மேல்கரையில் ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது. ஒரு கோடையில் அது பூத்திருந்தது. வெள்ளச்சி தினமும் அங்கே தேன் குடிக்கப் போவாள். ஒருநாள் அவள் பூங்கொத்தில் உட்கார்ந்திருந்தபோது கீழே இருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"அக்கா."

குனிந்து பார்த்தாள். இலையோடு இலையாக ஒரு பச்சைப் புழு கொழுகொழுவென்று படுத்திருந்தது. அதைச் சுற்றி இருந்த இலைகளில் நடு நரம்பு மட்டும்தான் மிச்சம்.

"யாருக்கு யார் அக்கா?" என்றாள் வெள்ளச்சி.

"உங்களத்தான் கூப்பிட்டேன். தினமும் வர்றீங்க. உங்க இறக்கை அசைஞ்சா இங்க காத்து வருது. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு."

"காத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். தின்னு தின்னு இந்தக் கிளையையே மொட்டையாக்கி வச்சிருக்கியே, இன்னும் நாலு நாள் போனா பூ மிஞ்சுமா?"

"பசிக்குதே அக்கா. ஏன் இவ்வளவு பசின்னு எனக்கே தெரியல. ஏதோ பெரிய வேலை ஒண்ணு பாக்கி இருக்கு, அதுக்குள்ள தின்னு முடிக்கணும்னு தோணிக்கிட்டே இருக்கு." புழு தலையைத் தூக்கி மேல் கிளையைக் காட்டியது. "என் கூடப் பிறந்தவன் தூங்கவே போயிட்டான். அந்தக் கிளைக்கு அடியில தொங்குறான் பாருங்க. நானும் நாளைக்கோ மறுநாளோ தூங்கிடுவேன். எழுந்ததும் உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்."

"என்ன கேட்கணும்?"

"அதுதான் இப்ப தெரியல. எழுந்தா தெரியும்னு நினைக்கிறேன்."

மேல் கிளையில் காய்ந்த இலை மாதிரி எதுவோ ஒரு நூலில் தொங்கியது. வெள்ளச்சி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புழு ஆசையோடு கொஞ்சம் முன்னால் நகர்ந்ததும் அதன் ஈரமான தலை அவள் காலில் பட்டுவிட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. விருட்டென்று பறந்து போய் ஓடையில் காலைக் கழுவினாள்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. முந்தின மாதம் ஒரே ஒரு நாள் தூறல் விழுந்தது, அதோடு சரி. அத்தி காய்க்கவில்லை. சூரைப்பழம் பிஞ்சிலேயே கருகிப்போனது. அதில் அதிகம் அடிபட்டவை பறவைகள். ஏனென்றால் அந்த நாளில் குருவிகளுக்குப் பழமும் தானியமும் மட்டும்தான் சாப்பாடு. உயிருள்ள எதையும் அவை கொத்தியதில்லை.

செவத்தாள் என்றொரு கொண்டைக்குருவி. கன்னத்தில் சிவப்புத் தீற்றல் இருந்ததால் அந்தப் பேர். புழுவைப் பார்த்த மறுநாள் காலையில் அவள் தள்ளாடிக்கொண்டு வெள்ளச்சியைத் தேடி வந்தாள்.

"வெள்ளச்சி, நீ போகாத இடம் இல்ல. எங்கயாச்சும் ஒரு பழம் பார்த்தியா? அழுகினதா இருந்தாலும் பரவாயில்ல."

"மலை முகடு வரைக்கும் போயிட்டு வந்தேன் செவத்தாக்கா. ஒண்ணும் இல்ல."

"மூணு குஞ்சுல ஒண்ணு இன்னைக்குக் காலையில போயிடுச்சு" என்றாள் செவத்தாள்.

வெள்ளச்சி அவளோடு கூட்டுக்குப் போனாள். இரண்டு குஞ்சுகள் கண் திறக்காமல் வாயை மட்டும் அகலத் திறந்து வைத்திருந்தன. கத்துவதற்குக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை. மூன்றாவது ஓரமாகக் கிடந்தது. அதை எடுத்துப் போட செவத்தாளுக்கு மனசு வரவில்லை. அந்தத் திறந்த வாய்களைப் பார்த்ததும் வெள்ளச்சிக்குத் தாங்கவில்லை. எப்போதும்போல உடனே ஒரு வழி சொன்னாள்.

"புழு இருக்கே அக்கா. காடெல்லாம் கிடக்கு."

செவத்தாள் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். "புழுவா? உயிரோட இருக்குமே. நெளியுமே. பேசுமே!"

"அது பேசறதெல்லாம் ஒரு பேச்சா? தின்னறதத் தவிர அதுக்கு என்ன தெரியும்? யாருக்கும் உபயோகமில்லாத ஜென்மம். எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா சொல்லத் தெரியாது. பெத்தவங்கன்னு யாரும் இல்ல. அது போனா யாரு அழப் போறாங்க? உங்க குஞ்சு போனா நீங்க அழறீங்க."

செவத்தாள் குஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு மெல்ல, "எங்க இருக்கு?" என்றாள்.

வெள்ளச்சி முன்னால் பறந்தாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த இடம் ஒன்றுதான். கறிவேப்பிலை மரத்தில் அவள் வந்து இறங்கியதும் அந்தப் பச்சைத் தலை நிமிர்ந்தது.

"அக்கா, வந்துட்டீங்களா! இப்பத்தான் தூங்கலாம்னு நூல் கட்ட ஆரம்பிச்சேன். நேத்து கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்களேன்னு..."

"என்னையே பாக்குதே" என்றாள் செவத்தாள், பின்னால் நகர்ந்துகொண்டு.

"கண்ணை மூடிக்கிட்டுக் கொத்துங்க."

செவத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரே கொத்து. பாதியில் நின்ற பேச்சு பாதியிலேயே நின்றது. இலைமேல் பச்சையாகக் கொஞ்சம் ஈரமும், அறுந்த வெள்ளை நூல் ஒன்றும் மட்டும் இருந்தன. வெள்ளச்சி அசையாமல் அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா? இந்தக் கணம் வரை பேசிக்கொண்டிருந்தவன் அடுத்த கணம் இல்லையா? வழி சொன்னபோது இப்படி இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

கூட்டில் குஞ்சு அதை விழுங்கிவிட்டு, நாலு நாளில் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதது. செவத்தாள் பறந்து வந்து, "நீ என் தெய்வம்டி" என்றாள். வெள்ளச்சி தலையாட்டினாள். நல்லதுதானே செய்தோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் கொண்டைக்குருவிகள் எல்லாம் வந்தன. அதற்கடுத்த நாள் மைனா வந்தது, தவிட்டுக்குருவி வந்தது. இரட்டை வால் கரிச்சான் வந்தபிறகு எந்தப் புதரும் தப்பவில்லை. காடு முழுக்க இலைகளுக்கு அடியில் பேசிக்கொண்டிருந்த சின்னச் சின்னக் குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு வாரத்தில் காடு அப்படி ஓர் அமைதியாகிவிட்டது, காற்றில் சருகு உருள்வதுகூடப் பெரிய சத்தமாகக் கேட்டது.

பட்டாம்பூச்சிகள் முதலில் சந்தோஷப்பட்டன. பூவைக் கெடுக்க இனி ஆள் இல்லை. ஆனால் கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தன. வயதானவை விழுந்துகொண்டிருந்தன. புதிதாக யாரும் வரவில்லை. ஓடைக்கரை ஈர மண்ணில் முன்பு காலூன்ற இடம் இருக்காது, இப்போது பாதி மண் வெறுமையாகக் கிடந்தது.

"பூவெல்லாம் பூத்துத்தான இருக்கு, ஒண்ணுகூட ஏன் பறக்க மாட்டேங்குது?" என்று சிட்டாள் கேட்டாள். வெள்ளச்சி ஒவ்வொரு பூவாகப் போய் உற்றுப் பார்த்தாள்.

புழு போன பன்னிரண்டாம் நாள் காலை. வெள்ளச்சி கறிவேப்பிலை மரத்துக்கு வந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் அங்கே வருவது இதுதான் முதல் தடவை. பூக்கள் உதிரத் தொடங்கியிருந்தன. மேல் கிளையில் உட்கார்ந்தபோது, பக்கத்தில் தொங்கிய காய்ந்த இலை தானாக அசைந்தது. காற்று இல்லை.

டப்பென்று மெல்லிய சத்தம். அந்த இலையின் முதுகு நீளமாக வெடித்தது. வெடிப்புக்குள்ளிருந்து ஒரு கால் வந்தது. ஒல்லியான கறுப்புக் கால். பிறகு இன்னொன்று. பிறகு சுருண்ட மீசை இரண்டு. பிறகு கசக்கிப் போட்ட ஈரத்துணி மாதிரி ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, வெறும் கூட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. வெள்ளச்சி மூச்சுவிடாமல் பார்த்தாள். அந்தக் கசங்கல் மெதுவாக விரிந்தது. வெங்காயத் தோல் நிறம். இரண்டு இறக்கை. பிறகு நான்கு.

அது ஒரு பட்டாம்பூச்சி.

"நான் எங்க இருக்கேன்?" என்று அது கேட்டது. அதன் கண் எதிரே ஒரு கறிவேப்பிலைப் பூ இருந்தது. "ஓ, பூவிலயா?" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டது.

"இல்ல" என்றாள் வெள்ளச்சி. "இல்ல, நீ பூவுல இருந்து வரல. நான் பார்த்தேன். நீ... நீ தூங்கப் போனவன். புழு."

"புழுன்னா என்ன?"

அப்போதுதான் கறிவேப்பிலை மரம் வாயைத் திறந்தது. மரங்கள் கேட்டால்தான் பேசும். அன்று அது கேட்காமலே பேசியது.

"நீயும் புழுதான் வெள்ளச்சி. அந்தா நிக்குதே நாரத்தை, அதுலதான் தொங்கின. நீங்க எல்லாருமே அப்படித்தான். எழுந்ததும் மறந்துடுறீங்க, முதல்ல பார்த்த பூவை அம்மான்னு நினைச்சிக்கிறீங்க."

 காடு முழுக்க நின்றுபோன குரல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வெள்ளச்சிக்குள் கேட்டன.

"போன மாசம் தூறல் விழுந்துச்சே" என்றது மரம். "அன்னைக்கு நீ என் இலையில உட்கார்ந்து வயித்துக் கனத்த இறக்கிட்டுப் போன. ரெண்டு மணி. ஞாபகம் இருக்கா?"

இருந்தது.

"அதுல ஒண்ணு இவன்."

மரம் அதற்குமேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. வெள்ளச்சி கீழ்க்கிளையைப் பார்த்தாள். மழையில்லாததால் அந்தக் கறை இன்னும் இலையில் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. நூல் இன்னும் அறுந்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது. பெற்றவர்கள் இல்லாதது என்று அவள்தான் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கொத்து என்று அவள்தான் சொன்னாள்.

அவள் வாயிலிருந்து வந்த சத்தம் அழுகை இல்லை. அது என்ன சத்தம் என்று மரத்துக்கும் தெரியவில்லை.

"இங்கயே இரு. இறக்கை காயற வரைக்கும் நகராத" என்று மகனிடம் சொல்லிவிட்டு அவள் பறந்தாள். ஓடைக்கு அக்கரையில் இருந்த பெரிய இலுப்பை மரத்தில்தான் பறவைகள் வெயில் ஏறியதும் கூடும். வழியில் பார்த்த சிட்டாள், அவள் பறக்கும் கோலத்தைப் பார்த்துப் பயந்து, என்னவோ ஏதோ என்று கூடவே வந்தாள்.

செவத்தாள் அங்கே இருந்தாள். அவளுடைய இரண்டு குஞ்சுகளும் இறகு முளைத்துக் கிளையில் உட்கார்ந்திருந்தன.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் வெள்ளச்சி. "செவத்தாக்கா, நிறுத்தச் சொல்லுங்க! அது புழு இல்ல! அது நாங்கதான்! நீங்க தின்ன ஒவ்வொரு புழுவும் நாங்கதான்! என் புள்ளய நானே உங்களுக்குக் காட்டிக் கொடுத்தேன் அக்கா!"

செவத்தாளின் அலகு திறந்தபடி நின்றது. "என்னடி சொல்ற? அன்னைக்கு... அந்தக் கறிவேப்பிலையில... அது உன்..." அவள் திரும்பித் தன் குஞ்சுகளைப் பார்த்தாள். அந்தக் குஞ்சுகளின் உடம்பில் ஓடுவது என்னவென்று அவளுக்குப் புரிந்தது. "ஐயோ, நான் எப்படி இதை வாந்தி எடுக்கச் சொல்லுவேன்?"

கிளையின் நுனியில் கரிச்சான் இருந்தது. தலையை ஒருபக்கம் சாய்த்து வெள்ளச்சியையும் சிட்டாளையும் மாறி மாறிப் பார்த்தது.

"அப்படியா?" என்றது. "புழுவும் நீங்களும் ஒண்ணா?"

"ஆமா! ஒண்ணுதான்!"

"அப்ப நீங்களும் அதே ருசிதான் இருப்பீங்க."

வெள்ளச்சி அந்த வார்த்தையைப் புரிந்துகொள்வதற்குள் கரிச்சான் கிளையை விட்டுப் பாய்ந்துவிட்டது. காற்றில் ஒரு சொடக்கு. வெள்ளச்சிக்குப் பக்கத்தில் சிட்டாள் இருந்த இடத்தில், வெங்காயத் தோல் போன்ற ஓர் இறக்கை மட்டும் சுழன்று சுழன்று கீழே இறங்கியது.

அதுவரை எந்தப் பறவையும் பட்டாம்பூச்சியைத் தொட்டதில்லை. இலுப்பை மரமே ஒரு கணம் ஸ்தம்பித்தது. அடுத்த கணம் மைனாக்களும் தவிட்டுக்குருவிகளும் ஓடைக்கரை ஈர மண்ணை நோக்கிப் பறந்தன. செவத்தாள் குறுக்கே பாய்ந்து, "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தினாள். அவளை யார் கேட்பார்கள்?

பிழைத்தவை கொஞ்சம்தான். அவை ஓடையோரப் புதர்களுக்குள் நுழைந்து இறக்கையை மூடிக்கொண்டு ஒடுங்கின. வெள்ளச்சியும் எப்படியோ கறிவேப்பிலை மரத்துக்கு வந்து சேர்ந்தாள். மகன் அங்கேயேதான் இருந்தான். இறக்கை காய்ந்திருந்தது.

அவள் மரத்தின் காலடியில், மண்ணில் உட்கார்ந்தாள். "எங்களுக்கு இனிமே இடம் இல்ல" என்றாள். "நான் பேசி ஒரு தடவை கெடுத்தேன். அத சரி பண்ணப் போய்ப் பேசி இன்னொரு தடவை கெடுத்தேன். நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்."

சுற்றி நின்ற செடிகளெல்லாம் அதைக் கேட்டன. கரையோரத்து ஆவாரைக்குத்தான் முதலில் கோபம் வந்தது.

"நாங்க எதுக்குப் பண்ணணும்? கண்ட இடத்துல முட்டைய போட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போறது நீங்க. தின்னக் கொடுக்கறது நாங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா, வைக்கட்டுமான்னு?"

"கேட்டதில்ல" என்றாள் வெள்ளச்சி. "முட்டைன்னே எங்களுக்குத் தெரியாது."



அப்போது கல்லுக்கு நடுவில் தனியாக நின்ற எருக்கஞ்செடி பேசியது. அதோடு யாரும் பழகுவதில்லை. "என் பால் விஷம். அதனால யாரும் என் பக்கம் வர்றதில்ல. உங்க பிள்ளைங்க நாலு பேர என்கிட்ட அனுப்புங்க. என் பால குடிச்சு வளரட்டும். அந்த விஷம் அவங்க உடம்புல தங்கிடும். எந்தக் குருவி தின்னுதுன்னு பாத்துடுவோம்."

"பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று பதறினாள் வெள்ளச்சி.

"மெதுவா பழக்குறேன்" என்றது எருக்கு.

தரையோடு தரையாகப் படர்ந்திருந்த ஆடுதின்னாப்பாளையும் தலையைத் தூக்கியது. "என்கிட்டயும் விஷம் இருக்கு. ஆடுகூடத் தின்னாதுன்னு என் பேரே சொல்லுதே. எனக்கும் கொஞ்சம் பிள்ளைங்க வேணும்."

அப்புறம் ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டன. மூங்கிலும் புல்லும், "எங்ககிட்ட விஷம் இல்ல, ஆனா சருகு நிறம் தர்றோம், சருகுல உட்கார்ந்தா யாருக்கும் தெரியாது" என்றன. மாவிலங்கம் தன் பூவின் வெள்ளையைத் தருவதாகச் சொன்னது. கறிவேப்பிலை நெடுநேரம் யோசித்தது. "எனக்கு வாசனையத் தவிர ஒண்ணும் இல்ல. ஒரு தந்திரம் சொல்லித் தர்றேன். என் பிள்ளைங்க பிறந்த புதுசுல குருவி எச்சம் மாதிரி இலைமேல படுத்துக்கட்டும். தன் எச்சத்த எந்தக் குருவியும் தின்னாது" என்றது. அந்தச் சூழ்நிலையிலும் எருக்கு சிரித்துவிட்டது.

கடைசியில் ஆவாரை இறங்கி வந்தது. ஆனால் அது கறாராகச் சொன்னது. "ரெண்டு விஷயம். ஒண்ணு, யார் யார் எந்த வீட்டுப் பிள்ளைன்னு பார்த்ததும் தெரியணும். எல்லாரும் ஒரே மாதிரி இருந்துதானே பெத்த பிள்ளையவே அடையாளம் தெரியாமப் போச்சு? என் வீட்டுல வளர்றவங்க என் மஞ்சளத்தான் உடுத்தணும். இன்னொண்ணு, எங்க வீட்டுக்கு வந்தா கதவத் தட்டணும். இது நம்ம வீடுதானான்னு தெரிஞ்சுக்காம ஒரு முட்டைகூட இறக்கக் கூடாது."

வெள்ளச்சி தலை வணங்கினாள்.

முதல் மழை விழுந்து பத்துப் பதினைந்து நாளில், எருக்கஞ்செடியிலிருந்து ஒரு பட்டாம்பூச்சி எழுந்தது. தணல் நிறம், ஓரத்தில் கறுப்புக் கரை. காடே வாய்பிளந்து பார்த்தது, அப்படியொரு நிறம் அதுவரை பறந்ததில்லை. கரிச்சானும் பார்த்தது. பாய்ந்து பிடித்தது. அடுத்த கணமே துப்பிவிட்டு, அலகைப் பாறையில் தேய்த்து, ஓடையில் தலையை முக்கி, அன்று முழுக்க ஒன்றும் தின்னாமல் கிடந்தது. துப்பப்பட்ட பட்டாம்பூச்சி இறக்கையை உதறிக்கொண்டு அதன் கண் முன்னாலேயே மெதுவாகப் பறந்து போனது. அவசரப்படவில்லை.

பிறகு ஆவாரையிலிருந்து மஞ்சள் வந்தது. ஆடுதின்னாப்பாளையிலிருந்து கறுப்பு இறக்கையும் சிவப்பு உடம்புமாக வந்தார்கள். மாவிலங்கத்துப் பிள்ளைகள் வெள்ளையில் நுனி மட்டும் ஆரஞ்சு பூசிக்கொண்டார்கள். மூங்கில் பிள்ளைகளைப் பார்க்கவே முடியவில்லை, காலடியில் சருகு எழுந்து பறந்தால்தான் உண்டு. கறிவேப்பிலையில் வெள்ளச்சியின் பேரப்பிள்ளைகள் கறுப்பில் வெள்ளைப் பொட்டு வரிசையோடு வந்தார்கள். அவர்களில் பெண்கள் சிலர், விஷம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று, பாளை வீட்டுப் பெண்களைப் போலவே சிவப்புப் பொட்டு வைத்து உடுத்திக்கொண்டு குருவிகளை ஏமாற்றினார்கள். பட்டாம்பூச்சி என்று மட்டும் இருந்த பேர் வண்ணத்துப்பூச்சி என்றும் ஆனது.

வெள்ளச்சிக்கு மட்டும் நிறம் வரவில்லை. ஏற்கெனவே எழுந்துவிட்டவர்களுக்கு அது கிடையாது. அவளுடைய இறக்கை ஓரங்கள் கிழிந்திருந்தன. ஒரு காலையில் அவள் தன் மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"உனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்றாள்.

"எங்க?"

அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. காலைக் கழுவியதைச் சொன்னாள். குருவியைக் கூட்டிவந்ததைச் சொன்னாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னதையும் சொன்னாள். மகன் கேட்டுக்கொண்டே அவளைவிட்டு விலகிப் போய் இலை நுனியில் உட்கார்ந்தான். பறந்துபோய்விடுவான் என்று அவள் நினைத்தாள். வெயில் ஏறும்வரை அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு அங்கிருந்தபடியே கேட்டான்.

"அவன் எப்படி இருந்தான்?"

"பச்சையா இருந்தான். நல்லா தின்பான்" என்றாள் வெள்ளச்சி. "வாய் ஓயாது. என்கிட்ட என்னமோ கேட்கணும்னு சொல்லிட்டே இருந்தான்."

அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு. தன் நீண்ட நாக்கை முன்னால் நீட்டி ஒருமுறை பார்த்தாள். பிறகு அதை உள்பக்கமாகச் சுருட்டினாள், இறுக்கமாக, சுற்றுமேல் சுற்றாக, ஒரு சொல்கூடத் தப்பிவர முடியாதபடி. மகன் பார்த்துக்கொண்டிருந்தான். நடந்ததை முழுக்கக் கேட்டவன் அவன் ஒருவன்தான். அவனும் தன் நாக்கைச் சுருட்டிக்கொண்டான். ஓடைக்கரை மண்ணில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஏன் என்று கேட்டார்கள். அவன் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பார்த்துக் கேட்டவர்களும் வாயை மூடினார்கள்.

அதற்குப் பிறகு பிறந்த எந்த வண்ணத்துப்பூச்சியும் பேசவில்லை. தேன் குடிக்க மட்டும் நாக்கை நீட்டும், குடித்ததும் சுருட்டிக்கொள்ளும். இன்றைக்கும் கறிவேப்பிலை கிள்ளப் போகும்போது ஒரு தாய் வண்ணத்துப்பூச்சி அங்கே வந்தால் சற்று நின்று கவனியுங்கள்: அவள் நேராக முட்டையிட மாட்டாள், முன்னங்கால்களால் அந்த இலையைத் தட்டுவாள், அடுத்த இலையைத் தட்டுவாள், இதுதான் தன் பிள்ளைக்கு உரிய வீடு என்று காலுக்குத் தெரிந்த பிறகே ஒரே ஒரு மணியை அங்கே இறக்கிவைப்பாள்.